ஜூனியர் இண்டரில் இறங்கிய அம்மன்

அருப்புக்கோட்டையின் கடைசி வீட்டைத் தாண்டியதும் திருச்சுழி ரோட்டில் வருகிற அந்தத் தகரக் கொட்டகை, யுத்தத்துக்கு முன்னால் ஜின்னிங் பாக்டரியாக இருந்தது. பஞ்சையும் கொட்டையையும் பிரித்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது அறிவையும் அறியாமையையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலேஜ் என்று பெயர். இரண்டு வருஷ இண்டர்மீடியட் படிப்பு மட்டும். பல்கலைக்கழகம் வருஷா வருஷம் தற்காலிக அங்கீகாரம் கொடுக்கும். அந்தக் காகிதம் வந்து சேருகிற வரைக்கும் பிரின்ஸிபால் தபால் வருகிற நேரமெல்லாம் வாசலில் வந்து நிற்பார்.

பிரின்ஸிபால் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இந்த வெயிலிலும் கறுப்பு கவுன் மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். பாடம் நடத்துவது லாஜிக். பாடத்துக்கு நடுவே அகிம்சையைப் பற்றிப் பேசுவார். சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்ததால் அகிம்சைக்கு நல்ல மரியாதை இருந்தது. பேசும்போது கையில் பிரம்பு இருக்கும். அழுத்தம் கொடுக்கவேண்டிய வார்த்தைகளுக்கு மேஜையை அடிப்பார், மேஜை எட்டாவிட்டால் எட்டுகிற பையனை அடிப்பார்.

ஜூனியர் இண்டர் பையன்கள் எல்லாரும் ஹாஸ்டலில்தான் தங்கவேண்டும் என்பது சட்டம். ஆக்ஸ்போர்டில் அப்படித்தானாம். ஆக்ஸ்போர்டைப் பிரின்ஸிபால் ஒரு காலண்டரில் பார்த்திருந்தார். இதனால், மொட்டை மாடியில் ஏறிக் கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் வீடு இருந்தும், நெசவாளர் தெரு சௌடையா டிரங்குப் பெட்டியோடு ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தான். தெருவில் காலேஜ் வாசலை மிதிக்கிற முதல் பையன் என்பதால் மாலை போட்டு, மேளம் வைத்து, மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே காலேஜ் வந்துவிட, மேளக்காரர்களுக்கு ஏமாற்றமாகி, வண்டியை ஊரைச் சுற்றி இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்கள். அப்படி வந்தவன் திரும்பிப் போனால் எந்த முகத்தோடு போவது? அதனால் சௌடையாவுக்கு ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது. ஜூனியர் இண்டரை முழு உடம்போடு தாண்டிவிட வேண்டும். பாஸாவது பெயிலாவது பிறகு.

இந்த லட்சியத்துக்குக் குறுக்கே நின்றது வரவேற்புக் கமிட்டி. அதன் தலைவர் எம். எம். பாண்டியன், சீனியர் இண்டர். அவன் அறைக் கதவில் அப்படித்தான் பெயிண்டில் எழுதியிருந்தது. வீட்டில் வைத்த பெயர் மொக்கையன். மல்லாங்கிணற்றுப் பக்கம் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி மகன். மொக்கையன் என்று கூப்பிட அவனுடைய அப்பாவுக்கு மட்டும்தான் உரிமை உண்டு. தெரியாத்தனமாகக் கூப்பிட்டுவிட்ட தபால்காரர் ஒருவர் அதற்கப்புறம் கடிதங்களை வேலிக்கு அப்பால் நின்று வீசிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாடு முடிந்த பிறகு ஒரு ஜூனியருக்கு வரவேற்பு நடக்கும். கொட்டகை முற்றத்தில் முட்டிபோட்டு இங்கிலீஷில் பிரசங்கம் செய்யவேண்டும். தப்புக்கு ஒரு அடி. அடிப்பதற்குப் பருத்திமார். செடி பிடுங்கிக் காயவைத்த அந்தக் குச்சி அடுப்புக்குத்தான் ஆகும் என்று சம்சாரிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணுக்கணுவாக உடைந்த கிளையோடு முதுகில் இழுத்தால் சட்டையும் தோலும் சேர்ந்து வரும்.

எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பையன் சங்கையாவுக்குப் போன வாரம் வரவேற்பு. பிரசங்கத்தின் நடுவே மொக்கையன் முகத்தில் உதைத்ததில் முன்பல் இரண்டும் போய்விட்டன. வாயில் ரத்தத்தோடு சங்கையா நேரே பிரின்ஸிபாலிடம் போனான். கூடச் சௌடையாவும் போனான், கொஞ்சம் பின்னால்.

"அடித்தவர்கள் மனத்தில் கோபம் இருந்ததா?" என்று பிரின்ஸிபால் கேட்டார்.

"இல்ல சார். சிரிச்சுக்கிட்டேதான் மிதிச்சாக."

"கோபம் இல்லாத அடி ஹிம்சை ஆகாது. அது விளையாட்டு. நீ வலி என்று எண்ணினாய் பார், அதுதான் ஹிம்சை. ஹிம்சை செய்தவன் நீ."

மறுநாள் வகுப்பில் சங்கையாவை எழுப்பி வாசிக்கச் சொன்னார். பல்லில்லாத சந்தில் காற்றுப் போய், இங்கிலீஷின் 'தி' அவனுக்கு அட்சர சுத்தமாக வந்தது. "பார்த்தீர்களா!" என்றார் பிரின்ஸிபால்.

லாஜிக் பாடத்தில் சௌடையா கெட்டிக்காரன். முதல் வருஷத்துப் பையன்கள் எல்லாரும் அடி வாங்குபவர்கள். சௌடையா முதல் வருஷத்துப் பையன். ஆகையால்... அந்த ஆகையாலுக்கு மேல் போக அவனுக்கு மனம் வரவில்லை. அவன் போகாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

முற்றத்தில் வெயில் கொதித்தது. சீனியர்கள் நிழலில், ஜூனியர்கள் வெயிலில். சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து சமையல்காரர் சோணைமுத்து ராத்திரிக் கூட்டுக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நீளக் கத்தி. மொக்கையன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டான்.

"இன்னைக்குச் சப்ஜெக்ட், நான் வயலன்ஸ். சொல்லுலே."

"நான் வயலன்ஸ் ஈஸ் எ குட் திங், சார். வீ மஸ்ட் நாட் பீட் எனிபடி."

"பீட்டுக்குப் பாஸ்ட் டென்ஸ் என்ன?"

"பீட், சார்."

"பிரஸன்ட் டென்ஸ என்னான்னு கேக்கலலே. பாஸ்ட் டென்ஸ்."

"அதுவும் பீட்தான் சார்."

மொக்கையன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "நேத்து அடிச்சதும் பீட்டு, இன்னைக்கு அடிக்கிறதும் பீட்டாம். அப்ப நேத்து வாங்குனது கணக்குல வராதா? பீட்டட்னு சொல்லுலே!"

சௌடையாவுக்கு அப்போது புத்தி கெட்டது. சரியான விடையைச் சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். "பீட், பீட், பீட்டன் சார். புஸ்தகத்துல போட்டிருக்கு."

முதல் அடி கழுத்தில் விழுந்தது. அடுத்தது தோளில். பிறகு எது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, நாலு பக்கமும் குச்சி. ஒருவன் விரல்கள்மேல் ஏறி நின்று திருகினான். காதுமடல் கிழிந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கியது. "பீட்டட்! பீட்டட்!" என்று சீனியர்கள் ஒரே குரலில் கத்தினார்கள். "பீட்டட்" என்று அவனும் அலறிப் பார்த்தான். இலக்கணத்தைத் திருத்திக்கொண்ட பிறகும் அடி நிற்கவில்லை. உருண்டான், ஊர்ந்தான். சமையல்கட்டு வாசல் வரைக்கும் போய்விட்டான். மொக்கையன் பின்னாலேயே வந்து விலாவில் உதைத்தான். உள்ளே ஏதோ சொடுக்கென்றது.

சௌடையாவின் கை பூசணிக்காய்க் கத்தியை எடுத்தது.

மொக்கையன் இரண்டடி பின்னால் போனான். குத்தப் போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். சௌடையாவும் அப்படித்தான் நினைத்தான். ஆனால் ஒருத்தனைக் குத்துவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். சௌடையாவின் தெருவில் கத்தி என்றால் வேறு காரியத்துக்கு. சௌடேஸ்வரி அம்மன் திருவிழாவில் இளவட்டங்கள் வரிசை கட்டிக் கத்தியால் தங்கள் நெஞ்சிலேயே அடித்துக்கொண்டு அம்மனை அழைத்துப் போவார்கள். 'எடுத்துக்கோ தாயே' என்று வீட்டுப் பாஷையான தெலுங்கில் கூவுவார்கள். சௌடையா அதையும் உருப்படியாகச் செய்தவன் இல்லை. முதல் தடவை கத்தி கொடுத்தபோது பக்கத்துப் பையனின் ரத்தத்தைப் பார்த்தே மயங்கி விழுந்தவன். ஆனாலும் அந்தத் தெருக்காரன் கைக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கத்தி சுழன்று அவன் நெஞ்சிலேயே பட்டென்று விழுந்தது.

"தீசுக்கோ தாயே! தீசுக்கோ!"

மறுபடி அடித்தான். சட்டை கிழிந்தது. சிவப்பாகக் கோடு விழுந்தது.

"ஏலே, அம்மா எறங்கிருச்சுடோய்!" என்று ஒரு சீனியர் பருத்திமாரைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தான். பகுத்தறிவுச் சங்கத்தின் செயலாளர் அவன்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் விழுந்தார்கள்.

"நடிக்கிறான்லே! புடிங்கடா அவன!" என்று மொக்கையன் கத்தினான். குரல் மட்டும் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

சங்கையா முன்னால் வந்து முட்டிபோட்டான். பல்லில்லாத வாயால், "தாயி, என்ன கொறை? ஓம் பிள்ளைகள்ட்ட சொல்லு தாயி, என்ன வேணும்?" என்று கேட்டான்.

சௌடையா அவனைப் பார்த்தான். விழுந்து கிடந்த முதுகுகளைப் பார்த்தான். இத்தனை முதுகுகளை அவன் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. கத்தியை நீட்டி மொக்கையனைக் காட்டினான்.

"இவன்."

அம்மன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். வரவேற்புக் கமிட்டி எழுந்தது. சொந்தத் தலைவரை எப்படி அடிப்பது என்ற தயக்கம் ஒரு மூச்சு நேரம் இருந்தது. பிறகு இல்லை. இவ்வளவு நாளும் அவனுக்குக் கால் அமுக்கிய கைகளே அவன் காலைப் பிடித்து இழுத்தன. நாற்காலி அவன் முதுகிலேயே உடைந்தது. அகப்பட்ட கை தோள்பட்டைக்குக் கீழே முறிந்தபோது அவன் "அம்மா" என்றான். அம்மனைக் கூப்பிட்டதாக நினைத்து இன்னும் பக்தியோடு அடித்தார்கள். மண்டை பிளந்து கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. சங்கையா அவன் நெஞ்சில் உட்கார்ந்து, வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறவன்போலப் பார்த்து, கருங்கல் ஒன்றை எடுத்துக் குத்தினான். "எம் பல்லு எங்கடா? எங்கடா எம் பல்லு?"

சௌடையாவுக்குத் தேனாக இருந்தது. தேன் குடிக்கிற நேரத்தில் கையைக் கவனிக்கவில்லை. திருவிழாக் கத்தி அகலமானது. பட்டையாக விழவேண்டும், நுனி படக்கூடாது என்று தெருவில் சொல்லிக் கொடுப்பார்கள். இது காய்கறிக் கத்தி. நுனி உள்ளே போய்க் கீறிக்கொண்டு வந்தது. வேட்டி இடுப்பு வரை நனைந்துவிட்டது. போதும், நிறுத்திவிடலாம் என்று நினைத்தான். நினைத்த உடனேதான் அதில் இருந்த சிக்கல் அவனுக்குத் தெரிந்தது.

அம்மன் தானாக நிற்க மாட்டாள். யாராவது ஓடிவந்து காயத்தில் மஞ்சள்பொடியை அப்பவேண்டும். அப்பினால்தான் கத்தியைக் கீழே வைக்கலாம். அது முறை. பொடி விழாமல் கத்தியைக் கீழே போட்டால் அம்மன் வரவே இல்லை என்று அர்த்தம். சீனியரின் கையை முறிக்கச் சொன்னது நெசவுக்காரன் மகன் என்று அர்த்தம். அந்தப் பொடிக்கு வீட்டில் ஒரு பெயர் உண்டு.

"பண்டாரு!" என்று அலறினான். "பண்டாரு! பண்டாரு!"

"பண்டாரம் கேக்குதுடா ஆத்தா!" என்று கூட்டம் பரபரத்தது. "பூக்கட்டுற பண்டாரத்தக் கூட்டியாங்கடா! ஓடுலே, சைக்கிள எடு!"

"பண்டாரு!"

"வாராரு தாயி! ஆள் போயிருக்கு! கோவிச்சுக்காத!"

சௌடையா அடித்துக்கொண்டே காத்திருந்தான். அடி மெதுவானால் கூட்டம் சந்தேகமாகப் பார்த்தது. வேகப்படுத்தினான்.

இதற்குள் பிரின்ஸிபால் வந்துவிட்டார். கவுனில் ஒரு கைதான் நுழைந்திருந்தது. "என்ன காட்டுமிராண்டித்தனம்! இது விஞ்ஞான யுகம்! தேவி என்பது மனப்பிராந்தி!" என்று தொடங்கினார். சௌடையா வலி தாளாமல் அவர் பக்கம் திரும்பி ஓர் ஊளை விட்டான். பிரின்ஸிபால் மனப்பிராந்தியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கவுனைத் தூக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டார்:

"தேவி... இந்த வருஷ அங்கீகாரம் வந்துவிடுமா?"

"வரும்! வரும்! பண்டாரு!"

பிரின்ஸிபால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சைக்கிள் பின்சீட்டில் பண்டாரம் வந்து இறங்கினார். பாதி கட்டிய மல்லிகைச் சரம் இன்னும் கட்டைவிரலில் சுற்றியிருந்தது. மண்ணில் கிடந்த மொக்கையனையும் ரத்தத்தில் குளித்த சௌடையாவையும் பார்த்துவிட்டு, "என்னய எதுக்குய்யா கூப்பிட்டீக? நான் என்ன செய்யணும்?" என்றார்.

"ஆத்தா ஒங்களத்தான் கேட்டுச்சு."

"என்னயவா?" என்று கேட்டபடியே அவர் சரத்தைச் சௌடையாவின் கழுத்தில் போட்டுவிட்டு, தள்ளிப் போய் நின்றுகொண்டார். பூவில் இருந்த ஈரம் காயத்தில் பட்டு எரிந்தது.

சௌடையாவுக்குக் கண் இருட்டியது. தெலுங்கை விட்டான்.

"மஞ்சப்பொடிடா மடப்பயலுகளா! மஞ்சப்பொடி!"

"அம்மா தமிழ்ல பேசுதுடா!" என்று கூட்டத்துக்குப் புல்லரித்தது. சோணைமுத்து சமையல்கட்டுக்குள் ஓடினார். ஹாஸ்டலில் மஞ்சளைத் தனியாக வாங்குவதில்லை. வறுத்து அரைத்த குழம்புப்பொடிதான் டப்பா நிறைய இருந்தது. 'அதுலயும் மஞ்சள் இருக்குல்ல' என்று அவர் நினைத்தார். மிளகாயும் இருந்தது. இரண்டு கையாலும் அள்ளி, "குளுந்துக்க தாயி!" என்று திறந்த காயத்தில் அப்பித் தேய்த்தார்.

அப்போது சௌடையாவின் தொண்டையிலிருந்து கிளம்பிய சத்தம் தெருவரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். அவன் விட்ட உதையில் சோணைமுத்துவின் தாடை கழன்றது. பண்டாரம் வேலி தாண்டினார். சௌடையா முற்றத்தை இரண்டு சுற்று ஓடி, மாட்டுத்தண்ணீர் கல்தொட்டியில் தலைகீழாக விழுந்தான். தண்ணீர் செக்கச்செவேல் என்றானது. "ஆத்தா குளுந்துட்டா" என்று எல்லாரும் கும்பிட்டார்கள். அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார்கள்.

மறுநாள் மொக்கையனின் அப்பா வேல்கம்போடு வண்டி நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு, கொட்டகையைக் கொளுத்துவதற்கு வந்தார். அடிக்கச் சொன்னது அம்மன் என்று தெரிந்ததும் கம்பையெல்லாம் வண்டியிலேயே போடச் சொன்னார். "எம்பய சாமிக்கு என்ன கொறை வச்சானோ! வாற வெள்ளிக்கிழம கெடா வெட்டிருவோம். ஆத்தாவ வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன இரண்டாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து அங்கீகாரக் காகிதம் வந்தது. வருஷா வருஷம் அதே வாரத்தில் வருகிற காகிதம்தான். பிரின்ஸிபால் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். வெள்ளிக்கிழமை சாயங்கால லாஜிக் வகுப்பை ரத்து செய்து, 'தேவி வருகை' என்று டைம்டேபிளில் போட்டார். வாராவாரம்.

கம்பவுண்டர் சௌடையாவின் நெஞ்சில் தையல் போட்டிருந்தார். கட்டோடு அவன் பிரின்ஸிபால் அறைக்குப் போனான்.

"சார், அது அம்மா இல்ல. நான்தான் சார் நடிச்சேன். அடி தாங்கல."

பிரின்ஸிபால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "தேவி வந்தவனுக்கு, வந்தது நினைவிருக்காது. உனக்கு வந்ததாக நினைவில்லை. ஆகையால் வந்தாள். வகுப்பில் என்ன கவனித்தாய்?"

"நெசமாலுமே வரல சார்."

"சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்." அவர் குரல் தணிந்தது. "வரவில்லை என்றால், கத்தியை எடுத்தவன் நீ. பாண்டியன் கையை முறிக்கச் சொன்னவன் நீ. அவன் தகப்பனார் வண்டியில் அந்தக் கம்புகள் இன்னும் இருக்கும். நான் போலீசுக்கும் எழுதவேண்டியிருக்கும். தேவியா, நீயா? நீயே யோசித்துச் சொல்."

யோசிப்பதற்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை முற்றத்தில் இடம் இல்லை. கிடா வெட்டிய ரத்தம் புழுதியில் உறைந்து ஈ மொய்த்தது. முன்வரிசையில் பிரின்ஸிபால், பக்கத்தில் மொக்கையனின் அப்பா, அவர் பக்கத்தில் கையைத் தூளியில் கட்டிய மொக்கையன். அவன் வாய் வீங்கிப் பூசணிக்காயாகியிருந்தது. ஆனாலும் மடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். சௌடையாவின் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். பையன் காலேஜில் இவ்வளவு சீக்கிரம் பெயரெடுப்பான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. நடுவில் பலகைமேல் கத்தி. சோணைமுத்து தாடையில் கட்டோடு அதைச் சாணை பிடித்துக் குங்குமம் வைத்திருந்தார். பக்கத்திலேயே டப்பா.

சௌடையா நடுவில் போய் நின்றான். கட்டை அவிழ்த்தார்கள். தையல் இன்னும் ஒட்டவில்லை. இரண்டு இடத்தில் நீர் கோத்திருந்தது. கும்பிட்ட கைகளைச் சுற்றிலும் பார்த்தான்.

"அம்மா வரல" என்றான். "இன்னைக்கு வரல."

கூட்டத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. மொக்கையனின் அப்பா தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். பிரின்ஸிபால் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். மொக்கையன் வீங்கிய வாயைப் பாடுபட்டுத் திறந்தான்.

"வரலைன்னா விட்டுருவமா? எங்கூர்ல சாமி வரத் தாமசமானா சாட்டை குடுப்போம். அடி விழுந்தா எறங்கிரும். என்னப்பா?"

"அதான முறை" என்றார் அப்பா.

நாலைந்து சீனியர்கள் சமையல்கட்டுப் பக்கம் போய்ப் பருத்திமார்க் கட்டை அவிழ்த்துவந்தார்கள். முதல் குச்சியைச் சங்கையா வாங்கிக்கொண்டான். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

"தாயி, மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டு ஓங்கி இழுத்தான். முதுகில் ஆறிக்கொண்டிருந்த வரியெல்லாம் ஒரே இழுப்பில் திறந்துகொண்டது. சௌடையா முட்டி மடங்கி விழுந்தான். பின்னால் இன்னும் ஆட்கள் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் தெருவிலிருந்தே இரண்டு பேர்.

அடுத்த குச்சி ஓங்குவதற்குள் சௌடையா பலகை வரைக்கும் தவழ்ந்துவிட்டான். மற்றவர்கள் கையைவிடத் தன் கை தேவலை. அதுவாவது எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரியும். கத்தியை எடுத்தான். தையலுக்குக் கொஞ்சம் மேலே, இன்னும் கிழியாத இடமாகப் பார்த்து ஓங்கினான்.